நன்றி வேறு, நன்றிக்கடன் வேறு: திருச்சபைத் தலைவர்களுக்குப் பெரம்பலூர், அரியலூரிலிருந்து

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் சேரிகளில் ‘நன்றி’ என்பது எளிதாகச் சொல்லிவிடக்கூடிய சொல் அன்று. களத்தில் அளந்து போட்ட கூலி நெல்லுக்கும், பொங்கலுக்குக் கொடுத்த பழைய வேட்டிக்கும் நன்றிக்கடன் கேட்டே பல தலைமுறைகளைப் பண்ணையோடு கட்டிப்போட்ட மண் இது. ஆகவே, கிறித்தவத் திருச்சபைத் தலைவர்களுக்கு நாம் நன்றி சொல்லும்போது எந்தச் செயலுக்காகச் சொல்கிறோம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் நன்றி பழைய கணக்கு. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலமின்மை குறித்து அரசுக்கு எழுதிய அறிக்கையே பஞ்சமி நிலத்துக்கு வித்திட்டது. அந்த அறிக்கைக்குப் பின்னால் ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கவுடி போன்ற மிஷனரிகளின் இடைவிடாத வற்புறுத்தல் இருந்தது. ஆனால் இதே திருச்சபை 17ஆம் நூற்றாண்டின் மதுரை மிஷனில் உயர்சாதியினருக்குப் பிராமணச் சந்நியாசிகள், மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்று குருக்களையே இரண்டாகப் பிரித்து அனுப்பியது. வீரமாமுனிவர் தமிழ் வளர்த்த ஏலாக்குறிச்சியைப் போற்றும்போது, அந்த மிஷனின் இந்தப் பக்கத்தையும் நாம் மறக்க இயலாது.

நம் காலத்துக்கு வருவோம். சென்னைப் பேராயர்களாயிருந்த எம். அசரியா, வி. தேவசகாயம் ஆகியோர் தலித் விடுதலையை இறையியலின் மையத்துக்குக் கொண்டுவந்தனர். சேசு சபை அருட்தந்தை அந்தோணிராஜ், தமிழகத் திருச்சபைக்குள் நிலவிய தீண்டாமையை ஆய்வு செய்து 1992இல் வெளியிட்டார். 2013 டிசம்பர் 11 அன்று, தலித் கிறித்தவருக்குப் பட்டியல் சாதித் தகுதி கோரி தில்லியில் நடந்த பேரணியில் காவல்துறை தடியடி நடத்தியது. பேராயர் அனில் கூட்டோ உள்ளிட்டோர் பிடித்து வைக்கப்பட்டனர். ஆயர் இல்லத்தில் அமர்ந்து அறிக்கை விடுவதோடு நின்றிருந்தால் இந்த நன்றிக்கு இடமே இருந்திராது.

இந்தக் கோரிக்கை நம் மாவட்டங்களில் எத்துணை நேரடியானது என்பதை இளையோர் அறிய வேண்டும். பெரம்பலூர் சட்டமன்றத் தொகுதி தனித் தொகுதி. அரியலூர், ஜெயங்கொண்டம், குன்னம் தொகுதிகளை உள்ளடக்கிய சிதம்பரம் மக்களவைத் தொகுதியும் தனித் தொகுதியே. ஒரே தெருவில், ஒரே குடும்பத்தில் பிறந்த இரு சகோதரர்களில் ஒருவர் திருமுழுக்குப் பெற்றால், 1950 ஆகஸ்ட் 10ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஆணைப்படி அவர் அங்கே வேட்பாளராக முடியாது. தமிழகத்தில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு மாற்றப்படுகிறார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் போய்விடுகிறது. அவரை ஊர்த்தெருவில் நிறுத்தும் சாதி மட்டும் போவதில்லை. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த கதவு இன்னும் இவருக்குத் திறக்கவில்லை. அதைத் திறக்கலாமென ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே பரிந்துரைத்தது. தமிழக சட்டமன்றமும் 2023 ஏப்ரலில் அதை வலியுறுத்தித் தீர்மானம் நிறைவேற்றியது.

அரசிடம் சமத்துவம் கேட்கும் திருச்சபை, தன் வீட்டுக்குள் என்ன செய்கிறது? இந்தக் கேள்வியைத் தவிர்க்காததற்காகவும் ஒரு நன்றி உண்டு. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. 1.9 கோடி கத்தோலிக்கரில் ஏறத்தாழ 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்றும் அது கூறியது. ஒப்புக்கொள்ளுதல் சிறிய செயலன்று. ஊர்ப் பெரிய மனிதர் எவரும் இன்றுவரை நம்மிடம் அதைச் செய்ததில்லை.

ஆயினும், பெரம்பலூரை அடுத்த திருச்சி மாவட்டத்தின் கோட்டப்பாளையம் பங்கில், கும்பகோணம் மறைமாவட்டத்துக்கு உட்பட்ட தலித் கத்தோலிக்கர்கள் திருவிழாவிலும் கல்லறையிலும் ஒதுக்கப்படுவதாக வழக்குத் தொடுத்து உச்ச நீதிமன்றம்வரை சென்றிருக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் அதில் அறிவிக்கை அனுப்பப்பட்டது. தீர்ப்பு எதுவாகவும் இருக்கட்டும். கொள்கை வெளியாகி எட்டு ஆண்டுகள் கழித்தும் ஒரு பங்கு மக்கள் ஆயரிடமன்றி நீதிபதியிடம் போக வேண்டியிருந்தது என்பதே நம்மை வருத்துகிறது.

இன்னொன்று. நம் சேரிகளில் பெரும்பாலோர் கிறித்தவர் அல்லர். 2019 ஏப்ரல் 18, வாக்குப்பதிவு நாளன்று பொன்பரப்பியில் தலித் வீடுகள் அடித்து நொறுக்கப்பட்டன. அடிபட்டவரின் மதம் பார்த்துக் கரம் நீட்டுபவருக்கு நன்றி சொல்ல நாம் அணியமாக இல்லை. இதே காவிரி வடகரையின் விரகாலூரில் பிறந்த அருட்தந்தை ஸ்டேன் சுவாமி அப்படிப் பார்க்கவில்லை. ஜார்க்கண்ட் சிறைகளில் விசாரணைக் கைதிகளாக வாடிய ஆதிவாசி இளைஞர்களுக்காக வழக்காடியவர் அவர். 2021 ஜூலை 5 அன்று, 84 வயதில், காவலில் இருந்தபடியே இறந்தார்.

திருச்சபைத் தலைவர்களிடம் நாம் இப்போது கேட்பது இதுதான்: 2016 கொள்கையை இவ்விரு மாவட்டங்களின் ஒவ்வொரு பங்குக் கோயிலிலும், ஊர்த்தெருவினர் அமர்ந்திருக்கும் ஞாயிறு திருப்பலியில், தமிழில் வாசியுங்கள். கல்லறைச் சுவர், தேர்ப்பாதை, திருவிழா வரி ஆகிய மூன்றையும் பங்கு வாரியாகக் கணக்கெடுத்து, அந்தக் கணக்கைப் பங்கு மக்கள் முன் வையுங்கள்.