பட்டாவில் யார் பெயர்?

"பட்டாதான் அண்ணா பேரில் இருக்கிறதே, நமக்கு என்ன பாத்தியதை?" என்று பெருமூச்சு விட்டு ஒதுங்கிவிடும் சகோதரிகள் எத்தனை பேர்! சற்றுப் பொறுங்கள், அம்மணி. பட்டா என்பது தாலுகா ஆபீஸ் கணக்கு. நிலவரி யாரிடம் வாங்குவது என்று சர்க்கார் எழுதி வைத்துக் கொண்டது. அது மட்டுமே சொத்துரிமை ஆகிவிடாது. மூலப் பத்திரத்தையும் வாரிசுரிமையையும் வைத்துத்தான் பாத்தியதை.

கூட்டுப் பட்டாவில் வேடிக்கை இன்னும் அதிகம். நாலு பெயர் இருக்கும். யாருக்கு எந்த மூலை என்று இராது. கிணற்றடி பெரியவனுக்கு, தென்னை சின்னவனுக்கு என்று அப்பா வாய்ச்சொல்லாகப் பிரித்திருப்பார். (பெண்களுக்குப் புடவை!) அவர் கண்ணை மூடியதும் கிணற்றில் தண்ணீருக்குப் பதில் சண்டை ஊறும்.

இந்துக் குடும்பத்துப் பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் பிறப்பிலேயே சம பங்கு என்கிறது 2005-ஆம் வருஷத்துச் சட்டத் திருத்தம். அன்று தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியாயிற்று. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினையை மட்டும் கிளற முடியாது. ஆகவே, கல்யாணச் சந்தடியில் யாராவது விடுதலைப் பத்திரத்தை நீட்டினால், மூக்குக் கண்ணாடியைத் தேடுங்கள்!

கோர்ட்டு, வாய்தா என்று அலைய அச்சமா? மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், இலவச வக்கீல் உண்டு. அண்ணாவும் இசைந்தால் மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்க்கலாம். அந்தச் சமரசம் கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. நாலு எல்லையும், சென்ட் கணக்கும், கிணற்றுக்குப் போகும் பாதையும் எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.