லாயம் அறியாதவருக்குச் சேணம் எதற்கு?

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடிக்கொள்ளும் என்று குதிரையைப் பற்றி நம் நாட்டில் பழமொழி உண்டு. இன்று அந்தக் குணம் குதிரையைவிடக் குதிரையேற்றத் தொழிலுக்கு வர விரும்புகிற சிலருக்கே பொருந்தும் போலிருக்கிறது. பதக்கம் என்றால் வாய் திறக்கிறது. இலத்தி அள்ள வேண்டும், குளம்பு துடைக்க வேண்டும், இரவில் எழுந்து லாயத்தைப் பார்த்துவர வேண்டும் என்றால் வாய் மூடிக்கொள்கிறது!

2023ஆம் ஆண்டு சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்தியக் குழு குதிரையேற்றத்தில் தங்கம் வென்றது. 1982ஆம் ஆண்டு டெல்லியில் பெற்றதற்குப் பின், 41 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த தங்கம் அது. அதைக் கண்டு இளைஞர்களுக்கு ஆர்வம் பிறந்திருப்பதில் நமக்கு மகிழ்ச்சியே. ஜாக்கி, பயிற்சியாளர், காவல்துறைக் குதிரைப்படை வீரர், லாடம் அடிப்பவர், குதிரைக்காரர் என்று இத்துறையில் பிழைப்புகள் பல. எந்த வேலைக்குப் போனாலும் முதல் பாடம் ஒன்றுதான்: குதிரையின் உடல்நலம்.

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. கெட்டதைத் தின்றுவிட்டால் அது வெளியே வர வழியில்லை. வயிறு வலித்தால் எடுத்துச் சொல்ல அதற்கு மொழியுமில்லை. முன்காலால் தரையைப் பறிக்கும், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், படுத்துப் புரளும். கண்டவுடன் தீனியை நிறுத்தி மருத்துவரை அழைப்பவர் குதிரையைக் காப்பாற்றுகிறார். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கப் போகிறவர் காலையில் பிணத்தைத்தான் பார்க்க நேரிடும்.

நன்கு வளர்ந்த குதிரை நாளொன்றுக்கு 25 முதல் 50 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். புல்லே அதற்குப் பிரதானம். தானியம் அளவோடு, பிரித்துப் பிரித்துத் தரவேண்டும். ஓய்வில் இருக்கும்போது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். குளம்பு நகம்போல வளர்ந்துகொண்டே இருப்பதால், ஆறு வாரத்துக்கு ஒருமுறையாவது லாடத்தைக் கழற்றி, குளம்பைச் செதுக்கி, மீண்டும் அடிக்க வேண்டும். பல்லும் அப்படித்தான். தேயத் தேய வெளிவந்து, ஓரம் கூராகிக் கன்னத்தைக் கிழிக்கும். கடிவாளத்துக்கு அடங்கவில்லை என்று சாட்டையை எடுக்கிறவர்களில், முதலில் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தவர் எத்தனை பேர்?

இவற்றையெல்லாம் நாள்தோறும் பார்க்கிறவர் யார்? குதிரையின் சொந்தக்காரரா? அல்ல. லாயத்திலேயே கிடந்து உழைக்கும் குதிரைக்காரர். மருத்துவர் வருவதற்கு முன்பே நோயைக் காணும் கண் அவருடையது. அந்தக் கண்ணுக்கு உரிய மதிப்பை நாம் கொடுத்திருக்கிறோமா?

கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை நம் சொந்த வரலாறே சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு செய்தியை எழுதிவைத்திருக்கிறார். அரபு நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான குதிரைகளைப் பொன் கொடுத்து இங்கே வாங்கினார்களாம்; ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சவில்லையாம். காரணம், பேணத் தெரிந்தவர் இல்லை. புல் தின்னும் பிராணிக்கு இறைச்சியும் சோறும் சமைத்துப் போட்டார்களாம். குதிரை விற்ற வணிகர்களோ, குதிரை வைத்தியம் தெரிந்தவர் எவரும் இங்கே வந்துவிடாதபடி பார்த்துக்கொண்டார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் வியாபாரம்! கணக்கில் மிகை இருக்கலாம். பாடத்தில் மிகை இல்லை. குதிரையை வாங்கினோம், குதிரை பேணும் அறிவை வாங்கவில்லை. பொன் கடலேறிப் போயிற்று.

இன்றைய நிலைமை என்ன? ஹாங்சோவில் தங்கம் வென்ற நம் வீரர்கள் ஐரோப்பாவில் தங்கிப் பயின்றவர்கள். குதிரைகளும் அங்கிருந்தே போயின. நோய் அச்சத்தால் இந்தியக் குதிரைகளை ஐரோப்பா நெடுங்காலம் ஏற்காததே இதற்கு ஒரு முக்கியக் காரணம். குதிரை நோய்க்கு நாடுகள் அஞ்சுவது புதிதல்ல. 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கின்போது, ஆஸ்திரேலியாவின் கடுமையான நோய்த்தடுப்புச் சட்டம் காரணமாகக் குதிரையேற்றப் போட்டிகளை மட்டும் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் நடத்தினார்கள்.

தோழர்களே, இதிலுள்ள வர்க்கக் கணக்கைப் பாருங்கள். ஐரோப்பாவில் குதிரை வாங்கி, அங்கேயே லாயம் பிடித்து, ஆண்டுக்கணக்கில் தங்கிப் பயில யாரால் முடியும்? காசுள்ளவர் வீட்டுப் பிள்ளைக்கு முடியும். குதிரைக்காரர் மகனால் முடியுமா? உள்நாட்டு லாயத்தில் நோய் இருக்கும்வரை, ஏழை வீட்டுப் பிள்ளைக்கு உலக அரங்கின் கதவு பூட்டியே இருக்கும்.

பூட்டு திறக்காததல்ல. 2025ஆம் ஆண்டு ஜூலையில், மீரட்டிலுள்ள ராணுவக் கால்நடைப் படை மையம் குதிரை நோயற்ற பகுதியாக உலக விலங்கு நல அமைப்பின் அங்கீகாரம் பெற்றது. இந்தியாவில் இதுவே முதலாவது. நோயற்ற இடமாக அது நீடிக்க வேண்டுமானால், அங்கே வாளியைக் கழுவுகிறவரும், புதிதாக வந்த குதிரையைத் தனியே கட்டுகிறவரும் ஒருநாளும் தவறக்கூடாது. அங்கீகாரத் தாளைக் காப்பாற்றுவது அந்தக் கைகளே!

அந்தக் கைகளை யார் காப்பாற்றுவது? கிளாண்டர்ஸ் என்ற கொடிய நோய் குதிரையிலிருந்து மனிதருக்கும் தொற்றும். தடுப்பூசி கிடையாது. நோய் உறுதியான குதிரையைக் கொன்று புதைக்கிறார்கள். அதன் மூக்குச் சளியை வெறுங்கையால் துடைத்த தொழிலாளிக்குப் பரிசோதனை உண்டா? கையுறை உண்டா? வேலை நின்ற நாட்களுக்குக் கூலி உண்டா? குதிரைக்குக் காப்பீடு எடுக்கிறவர் குதிரைக்காரருக்கும் எடுத்தாரா? கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

பிரிட்டனில் 1975ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. அதன்படி, பயிற்சி பெற்றுப் பதிவு செய்துகொண்டவரைத் தவிர வேறெவரும் குதிரைக்கு லாடம் அடிக்கக்கூடாது. ஆணி ஒரு நூல் தவறினாலும் குதிரை நொண்டியாகும் என்பதால் அந்தக் கட்டுப்பாடு. அதனால் தொழிலும் உயர்ந்தது, தொழிலாளியும் உயர்ந்தார். இங்கே தகப்பனிடம் பார்த்துக் கற்ற லாடக்காரரின் கைத்திறன் எவருக்கும் குறைந்ததல்ல. அதைச் சொல்லும் சான்றிதழ்தான் அவரிடம் இல்லை. சென்னையில் 1903 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குதிரைக்காரருக்கும் லாடக்காரருக்கும் அங்கே முறையான பயிற்சி தரட்டும், சான்றிதழ் தரட்டும், சான்றிதழுக்கேற்ற கூலியை அரசு நிர்ணயிக்கட்டும்.

இத்துறைக்கு வரும் இளைஞருக்கும் ஒரு சொல். 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் நெதர்லாந்து வீராங்கனை அடெலிண்டே கார்னெலிசன், காய்ச்சலிலிருந்து மீண்டிருந்த தம் குதிரை சிரமப்படுவதை உணர்ந்து, ஆட்டத்தின் நடுவிலேயே போட்டியைக் கைவிட்டார். பதக்கம் போயிற்று, குதிரை பிழைத்தது. உலகம் அவரை மறக்கவில்லை. அந்தத் துணிவு உங்களுக்கு உண்டென்றால், வாருங்கள். முதல் ஆறு மாதம் சேணத்தைத் தொடாதீர்கள். துடைப்பத்தையும் வாளியையும் எடுத்துக்கொண்டு, லாயத்திலுள்ள மூத்த குதிரைக்காரரிடம் போய், "ஐயா, கற்றுக்கொடுங்கள்" என்று கேளுங்கள்.