உரிமை யாரிடம்? எழுதி வையுங்கள்

நம் இதழுக்குக் கதை அனுப்புகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: “அனுப்புவதற்கு முன் எங்காவது பதிவு செய்துகொள்ள வேண்டுமா?” வேண்டியதில்லை. எழுதி முடித்த அந்தக் கணமே கதை உங்களுடையது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கவில்லை. நாளை வழக்கு வம்பு என்று வந்தால் பதிவு ஒரு சான்றாக உதவும், அவ்வளவுதான்.

ஆனால் கதைக் கருவுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ‘ஹம் இந்துஸ்தானி’ நாடகத்தை எழுதிய ஆர்.ஜி. ஆனந்த், ‘நியூ டெல்லி’ திரைப்படம் அதன் நகல் என்று வழக்குத் தொடுத்தார். 1978இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உரிமை கருவுக்கு இல்லை, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

எவ்வளவு காலம்? எழுதியவர் வாழும் காலம் முழுவதும். அவர் மறைந்த பின் மேலும் 60 ஆண்டுகள். மறைந்த நாளிலிருந்து அல்ல, அடுத்த ஜனவரி முதல் தேதியிலிருந்து எண்ண வேண்டும். ஜெயகாந்தன் 2015 ஏப்ரலில் மறைந்தார். அவர் வாழ்ந்த காலத்தில் வெளியிட்ட நூல்களுக்கு 2075 டிசம்பர் 31 வரை பதிப்புரிமை உண்டு. கல்கி மறைந்தது 1954 டிசம்பரில். சட்டக் கணக்கில் 2014 முடிய உரிமை இருந்திருக்கும். அதற்கு முன்பே தமிழக அரசு அவர் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கிவிட்டது. ‘பொன்னியின் செல்வ’னை இத்தனை பதிப்பகங்கள் போட்டி போட்டு அச்சிடுவது அதனால்தான்.

இந்த 60 முன்பு 50ஆக இருந்தது. 1941இல் மறைந்த தாகூரின் நூல்களுக்கு 1991 முடிவில் உரிமை தீரவிருந்தது. அவர் நிறுவிய விசுவபாரதி பல்கலைக்கழகம் வேண்ட, மத்திய அரசு சட்டத்தையே திருத்திப் பத்து ஆண்டுகளைக் கூட்டியது. ஒரு கவிஞருக்காக வந்த நீட்டிப்பு நாட்டிலுள்ள அத்தனை பேருக்கும் கிடைத்தது.

திரைப்படம் என்று வந்தால் கணக்கு கிளை பிரிகிறது. ‘பாசமலர்’ வெளிவந்தது 1961இல். படத்துக்கான 60 ஆண்டுகள் 2021 முடிவில் தீர்ந்துவிட்டன. அதற்காகப் பாடல்களை யாரும் எப்படியும் எடுத்தாளலாம் என்று எண்ணிவிடக் கூடாது. வரிகளை எழுதிய கண்ணதாசன் மறைந்தது 1981இல்; வரிகளுக்கு 2041 வரை காலம் இருக்கிறது. இசை விஸ்வநாதன், ராமமூர்த்தி இருவருடையது. கூட்டுப் படைப்பில் கடைசியாக மறைந்தவரிலிருந்து எண்ண வேண்டும். ராமமூர்த்தி 2013இல் மறைந்தார், விஸ்வநாதன் 2015இல். ஆக மெட்டுக்கு 2075 வரை. ஒரே பாட்டுக்குள் இத்தனை கெடுக்கள்!

உரிமையைத் துண்டு துண்டாகவும் விற்கலாம் என்பதைத் தமிழர்கள் பாரதியை வைத்தே கற்றுக்கொண்டோம். அவருடைய நூல்களை அச்சிடும் உரிமை ஒரு கையிலும், பாடல்களை இசைத்தட்டாக்கும் உரிமை வேறொரு கையிலும் இருந்தன. பின்னது கைமாறி ஏவி. மெய்யப்பனிடம் வந்து சேர்ந்தது. 1947இல் அவர் எடுத்த ‘நாம் இருவர்’ படத்தில் அந்தப் பாடல்கள் ஒலித்தன. பாரதி பாட்டைப் பாட ஒருவரிடம் அனுமதி கேட்பதா என்று குமுறல் எழுந்தது. மெய்யப்பன் பணம் எதுவும் வாங்காமல் தன் உரிமையை விட்டுக்கொடுத்தார். 1949இல் ஓமந்தூரார் காலத்துச் சென்னை அரசு பாரதியின் எழுத்துகளை ஏற்றுக்கொண்டது. ஒரு கவிஞனின் எழுத்தை மக்களுக்காக அரசு வாங்கியது பெருமைக்குரிய செயல். நம் நாட்டுடைமை மரபுக்கு அதுவே வித்து.

ஆனால் அரசு எல்லோரையும் தேடி வராது. இப்போதைக்கு எழுதிக்கொண்டிருப்பவர்களைப் பற்றித்தான் நம் கவலை. ‘முழு உரிமையும் பதிப்பகத்துக்கே’ என்ற வரியைப் படிக்காமலேயே கையெழுத்துப் போடுகிறார்கள். பலரிடம் ஒப்பந்தமே இல்லை, வாய்ப்பேச்சு மட்டும்தான். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும் என்கிறது சட்டம். எத்தனை ஆண்டுகளுக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்தே ஆண்டுகள் என்று கொள்ளப்படும். இந்த ஒரு விதியை அறிந்திருந்தால், முதல் புத்தகத்தை எப்போதோ கொடுத்துவிட்டு அது இனித் திரும்பி வராது என்று மனம் நொந்திருக்கும் பலர் மறுபதிப்புக்குத் துணிந்து இறங்கலாம்.

இன்னொரு பக்கம் அதைவிட வருத்தம் தருவது. நிலத்துக்கும் நகைக்கும் உயில் எழுதுகிற வீடுகளில் புத்தகங்களைப் பற்றி ஒரு வரி இருப்பதில்லை. எழுதியவர் போன பின், பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் நாலு ஊர்களில் இருக்க, அனுமதி யாரிடம் கேட்பது என்று தெரியாமல் பதிப்பாளர் ஒதுங்கிக்கொள்கிறார். நல்ல நாவல் ஒன்று 60 ஆண்டுகள் அச்சில் இல்லாமல் போக இது போதும். அந்த இடைவெளியில்தான் பிடிஎஃப் கோப்பு ஒன்று டெலிகிராம் குழுக்களில் சுற்றத் தொடங்குகிறது. வேறெங்கும் கிடைப்பதில்லை என்பதால் பகிர்கிறவர்களின் ஆதங்கம் புரிகிறது. கடையில் விற்பனையிலிருக்கும் புத்தகத்தையும் அப்படியே அனுப்புவது மட்டும் எந்த வகையிலும் நியாயமில்லை. விலையில் எழுதியவருக்குச் சேர வேண்டிய சிறு பங்கும் அதோடு போய்விடுகிறது.

எழுத்தாள நண்பர்கள் இந்த வாரமே ஒரு தாளை எடுக்க வேண்டும். எந்த நூல், எந்தப் பதிப்பகம், எந்த ஆண்டு வரை, மொழிபெயர்ப்பு உரிமையும் திரைப்பட உரிமையும் யாரிடம், தமக்குப் பின் முடிவெடுக்க வேண்டியவர் யார் என்று எழுதி, உயிலோடு சேர்க்க வேண்டும். நம் இதழைப் பொறுத்தவரை, வெளியாகும் கதைகளை இதழில் ஒருமுறை வெளியிடும் உரிமை மட்டுமே எங்களுடையது. நூலாக்கவும் மொழிபெயர்க்கவும் படமாக்கவும் உள்ள உரிமைகள் எழுதியவருக்கே. இனி கதையை ஏற்றுக்கொண்டு நாங்கள் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்திலும் இது எழுத்தில் இருக்கும்.