வேலி கறுப்பானது

சென்ற இதழில் மறுபிரசுரம் செய்த கதைப்படத்தில் கிடுகுவேலி ஒரு கறுப்புச் சுவராக வந்திருந்தது. பத்து வருடங்களுக்கு முன் நாங்களே எடுத்து வைத்திருந்த ஸ்கேன் அது. ஸ்கேன் எடுத்தாயிற்றே என்று மூலப்பிரதியை அப்போதே கழித்துவிட்டோம்.

வெள்ளவத்தை வாசகர் ஒருவர் தன்னிடமிருந்த பிரதியைக் கொண்டுவந்து காட்டினார். கடற்காற்றில் தைத்த கம்பி துருவேறி, தாள் பழுத்திருந்தது. உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால் கிடுகின் ஒவ்வொரு கீற்றும் தனித்தனியே நிற்கிறது. கீற்றுகளுக்கிடையில் ஓவியர் விட்ட வெள்ளையைத்தான் எங்கள் ஸ்கேன் விழுங்கியிருக்கிறது.

எழுத்து வாசிக்கக்கூடியதாக இருந்தால் ஸ்கேன் நல்லது என்றே பழகிவிட்டோம். படத்துக்கு அந்த அளவுகோல் உதவாது. சாம்பல் நிறமே இல்லாமல் தனிக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் எழுத்து பளிச்சென்றிருக்கும், கோப்பும் சிறுக்கும். ஆனால் மெல்லிய கோடு அறும், அல்லது பக்கத்துக் கோட்டோடு ஒட்டும். ‘சிரித்திரன்’ இதழின் சுந்தர் வரைந்த கேலிச்சித்திரப் பாத்திரமான சவாரித்தம்பர் கோட்டில் வாழ்கிறவர். கோடு தடித்தால் ஆளே மாறிப்போவார். ‘மல்லிகை’ இதழின் அட்டையில் வந்த எழுத்தாளர் முகங்களின் சங்கதி வேறு. பிளாக்கில் அடித்த புகைப்படம் முழுக்கப் புள்ளிகள். அந்தப் புள்ளிவரிசையும் ஸ்கேனரின் வரிசையும் மோதினால் கன்னத்தில் அலையலையாகக் கோலம் விழும். அங்குலத்துக்கு 600 புள்ளி வைத்து, வண்ணத்திலேயே எடுத்தால் அச்சின் புள்ளி தப்பும். மறுபக்க எழுத்து ஊடே தெரிந்தால் பின்னால் ஒரு கறுப்புத் தாள் போதும். பழுப்பை வெளுக்கவைக்கும் ஆசை மட்டும் வேண்டாம். பழுப்போடு கோடும் போய்விடும். வெளுத்தே ஆகவேண்டுமென்றால் நகலில் செய்யுங்கள், முதற்கோப்பில் கைவைக்காதீர்கள்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற வலைத்தளம் இல்லையென்றால் ஈழத்து இதழ்களில் பலவற்றைக் கண்ணால் கண்டிருக்கவே மாட்டோம். மூலம் அழிந்த இடத்தில் ஸ்கேன்தான் மூலம். அதில் இல்லாத கோட்டை இனி எவராலும் மீட்கமுடியாது. எங்களுக்கு ஒரு வாசகர் வாய்த்தார், அவ்வளவுதான்.

பழைய இதழ்கள் வைத்திருப்போர் ஒருநாளுக்கு இரவல் தாருங்கள். கட்டைப் பிரிக்காமல் எடுத்துவிட்டுத் திருப்பித் தருவோம். அந்தக் கதைப்படத்தை இவ்விதழின் பின்னட்டையில் மீண்டும் போட்டிருக்கிறோம். வேலிக்குள்ளால் வெளிச்சம் தெரிகிறது.