பூஜ்யம் எங்கே போயிற்று?

நமது சங்க அலுவலகத்துக் கம்ப்யூட்டர் சந்தா ரசீதும் கூட்ட அறிவிப்பும் அடித்துத் தருகிறது. கூட்ட நேரம், தொலைபேசி எண், தபால் அனுப்பும் ரகசியச் சொல் எல்லாம் ஒரு சிறு கோப்பில் எழுதியிருக்கின்றன. மொத்தம் நாற்பது வரி. மேஸ்திரியின் ஆஜர் நோட்டில் ஒரு பக்கம்!

பழைய புரோகிராம் போய்ப் புதியது வந்தது. பழையது ஐஎன்ஐ என்ற முறையில் எழுதிய கோப்பைப் படிக்கும்; புதியதற்கு யாமல் முறையில் வேண்டும். உடனே புத்திமதி சொல்வோர் கிளம்பிவிட்டனர். மாற்றித் தர ரூ.3,000 என்றார் ஒரு கடைக்காரர். "காசு எதற்கு? இணையதளத்தில் போட்டால் ஒரு நொடியில் மாறிவிடும். இதையெல்லாம் தொழிலாளி படித்து என்ன ஆகப்போகிறது?" என்றார் இன்னொரு மேதாவி. நாமும் கேட்டோம், ஏமாந்தோம்.

மறுநாள் அறிவிப்பு அச்சாகிப் போய்விட்டது. நேரம்: 870. தொலைபேசி: 274 என்று தொடங்கியது. இரண்டாம் ஷிப்டுத் தோழர்களில் பாதிப்பேர் வரவில்லை. விசாரிக்கலாம் என்றால் எண் கிடைக்கவில்லை. அன்று பேச வேண்டியதோ போனஸ் விஷயம்!

இது பேயும் அல்ல, பிசாசும் அல்ல. 2001ல் பிறந்த யாமலின் பழைய விதிப்படி, பூஜ்யத்தில் தொடங்கும் எண் எட்டின் அடுக்காக எண்ணப்படும். கோவையின் 0422 அந்தக் கணக்கில் 274. நடுவே இரட்டைப் புள்ளி வந்தால் அறுபதின் கணக்கு: 14:30 என்றால் 14ஐ அறுபதால் பெருக்கி 30 கூட்டி 870. நார்வே நாட்டின் குறியான 'நோ' என்ற இரண்டெழுத்தை எழுதினால் "இல்லை" என்று எடுத்துக்கொள்ளும்! 2009ல் வந்த புதிய விதி இவற்றைக் கைவிட்டது. ஆனால் பல புரோகிராம்கள் இன்றும் பழைய பாட்டையே பாடுகின்றன. அந்த மதிப்பைச் சுற்றி மேற்கோள் குறி போட்டிருந்தால் 0422 என்றே நின்றிருக்கும். அந்த இணையதளம் போடவில்லை. அதற்குக் கோவையும் தெரியாது, இரண்டாம் ஷிப்டும் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. ரகசியச் சொல்லும் அந்தக் கோப்போடு போயிற்று. அந்தத் தளத்தார் திருடினார்கள் என்று நாம் சொல்லவில்லை. சங்கத்துப் பெட்டிச் சாவியை முகமறியாத ஆளிடம் கொடுத்துவிட்டு, அவன் யோக்கியனா என்று பிறகு யோசிப்பது எந்த ஊர் நியாயம்? ரகசியச் சொல்லை அன்றே மாற்றினோம்.

பிறகு ஸ்பின்னிங் பிரிவுத் தோழர் ஒருவர் உட்கார்ந்தார். எட்டாவதுதான் படித்தவர். விம் என்ற எடிட்டரைத் திறந்தார். 1991ல் பிராம் மூலெனார் என்ற டச்சுக்காரர் வெளியிட்டது. 2023ல் அவர் காலமானார். அதற்கு விலை கிடையாது. மனமிருந்தால் உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்பதுதான் அவர் கேட்டது. ரூ.3,000 கடைக்காரர் இதைக் கவனிக்கட்டும்!

முதலில் மூலக் கோப்புக்கு நகல் எடுத்தார். சதுர அடைப்பிலிருந்த தலைப்புகளின் அடைப்பை நீக்கி, இறுதியில் இரட்டைப் புள்ளி வைத்தார். அடியிலுள்ள வரிகளை இரண்டு இடைவெளி உள்ளே தள்ளினார். டாப் விசையால் தள்ளினால் யாமல் ஏற்காது. பிறகு சமக்குறியை இரட்டைப் புள்ளியும் ஓர் இடைவெளியுமாக மாற்றினார். வரிக்கு முதலாவதை மட்டும். ஏனென்றால் நமது ரகசியச் சொல்லுக்குள்ளேயே ஒரு சமக்குறி இருந்தது! குறிப்பு வரிகளின் தொடக்கத்திலிருந்த அரைப்புள்ளியை எடுத்து எண் குறியை இட்டார். கடைசியாக எண்ணுக்கும் நேரத்துக்கும் மேற்கோள் குறி. அரைமணி நேரம் ஆயிற்று.

எடிட்டரில் செய்தால் பிழையே வராதா என்று கேட்பார்கள். வரும். கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் அங்கேயும் 274தான். ஆனால் அவர் வரி வரியாகப் படித்தார். 0422 என்றால் நம்ம ஊர் என்று அவருக்குத் தெரியும். கோப்பு ஆயிரக்கணக்கான வரியானால் கைவேலை ஆகாது. அப்போது நம் கம்ப்யூட்டரிலேயே ஓடும் மாற்றுக் கருவியை வைத்துக்கொள்வோம். அதன் விடையையும் படித்துப் பார்த்தே சேர்ப்போம்.

பழைய கோப்பையும் புதியதையும் அச்சிட்டு அலுவலகச் சுவரில் பக்கத்தில் பக்கமாக ஒட்டியிருக்கிறோம், ரகசியச் சொல்லை மட்டும் மறைத்து. ஞாயிறு காலை பத்து மணிக்கு அதே தோழர் செய்து காட்டுகிறார். மேதாவியும் வரலாம்.