பிள்ளை கார் பழகுகிறதா? இதை ஒருக்கால் வாசியுங்கள்



கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்ற எனக்கும் காருக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போய் வந்தவன் நான். லண்டனுக்கு வந்த பிறகு மகளின் காரில் பின்சீற்றுத்தான் என் இடம். ஆனாலும் இன்றைக்குக் கார்க் காப்புறுதி பற்றி எழுதுகிறேன். என்னிடம் படித்த பலருக்கு இப்போது இங்கே பதினேழு வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால்தான்.

போன மாதம் என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசி எடுத்தார். அதற்குக் கொஞ்ச நாளுக்கு முன்னர்தான் "மாஸ்ரர், மகன் ரெஸ்ற் பாஸ் பண்ணீட்டான்" என்று சந்தோஷமாகச் சொன்னவர். இந்த முறை குரல் உடைந்திருந்தது. "அவன்ரை லைசென்ஸைப் பறிச்சுப்போட்டாங்கள் மாஸ்ரர்."

நடந்தது இதுதான். தகப்பனின் காரில் பழகுவதற்கென்று மகனுக்கு மூன்று மாதப் பழகுநர் காப்புறுதி எடுத்திருந்தார்கள். ஒழுங்காகத்தான் எடுத்தார்கள். பையன் ரெஸ்ற் பாஸ் பண்ணியபோது அந்த மூன்று மாதத்தில் இன்னும் ஆறு கிழமை மிச்சம் இருந்தது. "அதுதான் இருக்கே" என்று நினைத்து, இரண்டு நாள் கழித்துத் தனியே காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனான். பின்விளக்கு ஒன்று எரியவில்லை என்று பொலிஸ் மறித்தது. விசாரித்துப் பார்த்தால் அவனுக்குக் காப்புறுதியே இல்லை. பழகுநருக்கான காப்புறுதி அவன் பாஸ் பண்ணிய அந்த நிமிடத்திலேயே முடிந்துவிட்டது. மிச்சம் இருந்த ஆறு கிழமையும் கடதாசியில் மட்டும்தான்.

காப்புறுதி இல்லாமல் ஓட்டினால் 300 பவுண் தண்டம், லைசென்ஸில் 6 புள்ளி. பழைய சாரதிக்கு அது ஒரு அடி. புதுச் சாரதிக்கு அதுவே முடிவு. பாஸ் பண்ணி இரண்டு வருடத்துக்குள் 6 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் ரத்து. திரும்பவும் பழகுநர் அனுமதிப்பத்திரம், திரும்பவும் எழுத்துச் சோதனை, திரும்பவும் ஓட்டச் சோதனை. அந்தப் பிள்ளை வேகமாக ஓடவில்லை, ஒருவரையும் இடிக்கவில்லை. ஒரு பந்தியை வாசிக்காததுதான் பிழை.

இதைக் கேட்டுவிட்டு "அப்ப இந்தக் குறுகியகாலக் காப்புறுதியே வேண்டாம்" என்று சொல்லாதீர்கள். என் கருத்து நேர்மாறானது. அது நல்ல ஏற்பாடு. ஆனால் எங்கள் ஆட்கள் அதை விலையை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள். பார்க்க வேண்டியது, அது யாரோடு இருக்கும்போது செல்லும், எப்போது முடியும் என்பதைத்தான்.

ஏன் நல்லது என்கிறேன்? பயிற்றுநரின் காரில் ஓடும்போது காப்புறுதி அவருடைய பொறுப்பு. ஆனால் அந்த வகுப்புகள் மட்டும் போதாது. பாஸ் பண்ணுகிறவர்கள் சராசரியாக 45 மணித்தியாலம் வகுப்பும் 22 மணித்தியாலம் வெளியே பழக்கமும் எடுக்கிறார்கள் என்று சோதனை நடத்தும் அரச நிறுவனமே சொல்கிறது. அந்த 22 மணித்தியாலம் வீட்டுக் காரில்தான் வரும். பிள்ளையின் பெயரைத் தகப்பனின் வருடக் காப்புறுதியில் சேர்க்கலாம். ஆனால் பிள்ளை மதிலில் முட்டினால், தகப்பன் பல வருடமாகச் சேர்த்து வைத்த விபத்தில்லாக் கழிவும் சேர்ந்து போகலாம். தனியாக எடுத்த பழகுநர் காப்புறுதியில் பெரும்பாலும் அந்தக் கழிவுக்குச் சேதம் வராது. எனக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

இனிக் கணக்கு. சில மணித்தியாலத்துக்கும் எடுக்கலாம், ஒரு நாளுக்கும் எடுக்கலாம், மாதக் கணக்கிலும் எடுக்கலாம். ஒரு மாதத்தின் விலை ஒரு நாள் விலையின் முப்பது மடங்கு அல்ல, அதைவிட நன்றாகக் குறைவு. எப்போதாவது ஒரு ஞாயிறு ஓடுகிற பிள்ளைக்கு நாள் கணக்கு. ரெஸ்றுக்கு முன் தினமும் ஓடப்போகிற பிள்ளைக்கு மாதக் கணக்கு. முதலில் நாட்காட்டியைப் பாருங்கள், பிறகு விலையைப் பாருங்கள். விபத்து நடந்தால் முதலில் உங்கள் கையால் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்றும் பாருங்கள். மலிவான காப்புறுதியில் அந்தத் தொகை பெரிதாக இருக்கக்கூடும். காருக்கு ஏற்கெனவே வருடக் காப்புறுதி இருக்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் கேட்கும். அதையும் கவனியுங்கள்.

பக்கத்தில் இருப்பவர் யார்? சட்டப்படி 21 வயதுக்கு மேல், முழு லைசென்ஸ் எடுத்து மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும். சில காப்புறுதி நிறுவனங்கள் 25 வயது கேட்கும். "அண்ணாவுக்கு 22 தானே, அவன் இருப்பான்" என்று அனுப்பிவிடாதீர்கள். அப்பாவும் சும்மா இருக்கிற ஆள் அல்ல. பக்கத்தில் இருந்துகொண்டு போனை நோண்டினாலும், குடித்துவிட்டு இருந்தாலும் குற்றம்தான்.

இன்னொன்றையும் மனம் நோகாமல் கேளுங்கள். பிள்ளை பாஸ் பண்ணிய பிறகு, முழுநேரமும் பிள்ளை ஓடுகிற காரைத் தகப்பன்தான் ஓடுகிறார் என்று எழுதிப் பணம் மிச்சம் பிடிக்கிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது. அதற்குப் பெயர் கெட்டித்தனம் இல்லை, மோசடி. விபத்து நடக்கும் நாளில் அந்தக் காப்புறுதி கைவிட்டால், பிள்ளைக்கு நாங்கள் படிப்பித்த முதல் பாடமே பொய்ப்பாடமாகிவிடும்.

நிறுவனங்களையும் சும்மா விடக் கூடாது. "பாஸ் பண்ணியவுடன் இது முடியும்" என்ற வசனத்தை எங்கோ உள்ளே புதைத்து வைக்காமல் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட வேண்டும். பதினேழு வயதுப் பிள்ளை வாங்குகிற பொருளைப் பதினேழு வயதுக்கு விளங்கும்படி எழுதுவதற்கு என்ன கஷ்டம்? கேள்வித்தாளைக் குழப்பமாகப் போட்டுவிட்டு மாணவனுக்கு அடிக்கிற வாத்தியாரைப் போலத்தான் இது.

என் பேத்திக்கு அடுத்த கிழமை ரெஸ்ற். அவளை இருத்தி அந்தப் பந்தியை உரத்து வாசிக்கச் சொன்னேன். "அம்மப்பா, நான் இன்னும் பாஸே பண்ணேல்லை" என்று சிரித்தாள். சிரிக்கட்டும். பாஸ் பண்ணினால் திரும்பி வரும்போது கார் ஓடப்போவது என் மகள். புதுக் காப்புறுதி எடுத்த பிறகுதான் பேத்தி திறப்பைத் தொடுவாள். அவளும் ஓமென்றுவிட்டாள்.

உங்கள் வீட்டிலும் அந்தக் கடதாசி இருந்தால் இன்றிரவே எடுத்து, "எப்போது முடியும்" என்று எழுதியிருக்கும் இடத்தைப் பிள்ளையோடு சேர்ந்து வாசியுங்கள். வீட்டுப்பாடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.