பாட்டி மறுத்ததும் இசைந்ததும்



மதுரையை அடுத்த சக்கிமங்கலத்தில் ஒரு மூதாட்டி. மகளும் மருமகனும் அடுத்தடுத்து இறந்துவிட, இரண்டு பெண் குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பு அவர் தலையில் வந்து விழுந்தது. வயல் வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போய்க் கூலி வாங்கி அவர்களுக்குச் சோறு போட்டார். வயதான காலத்தில் ஏன் இந்தப் பாடு, பெண்களையும் வேலைக்கு அனுப்பினால் என்ன என்று உறவினர் சொல்லிப் பார்த்தனர். பாட்டி மறுத்துவிட்டார். குழந்தைகள் பள்ளிக்குத்தான் போகவேண்டும் என்பதில் உறுதியாக நின்றார்.

அந்தப் பேத்திகளுள் ஒருவர்தாம் ரேவதி வீரமணி. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஓடியவர்.

ஆனால் அதே பாட்டி வேறொரு முறையும் மறுத்தார் என்பதை இங்கே சொல்லியாகவேண்டும். ரேவதி 12ஆம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு போட்டியில் அவர் ஓடுவதைக் கண்ணன் என்னும் பயிற்சியாளர் கண்டார். வீடு தேடி வந்து, பெண்ணைப் பயிற்சிக்கு அனுப்புமாறு கேட்டார். பாட்டி தலையசைக்கவில்லை. கையில் பணமில்லை, ஓட்டத்தினால் என்ன ஆகும் என்றும் தெரியவில்லை. அவரிடத்தில் நாம் இருந்தால் வேறு என்ன சொல்லியிருப்போம்? கண்ணன் விடவில்லை. பேசிப் பேசி இசையச் செய்தார். மதுரை லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்க வழிசெய்தார்.

அதுவரை வெறுங்காலுடன் ஓடிய பெண் அவர். கல்லூரியில் சேர்ந்த பின்னும் சிறிது காலம் அப்படியே ஓடினார். 2016இல் கோயம்புத்தூரில் நடந்த தேசிய இளையோர் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். பின்னர் 2019இல் 400 மீட்டருக்கு மாறினார். குறுவிரைவோட்டங்களில் மிகக் கொடியது இதுதான் என்பர். முழு வேகத்தை மனித உடல் அவ்வளவு தூரம் தாங்காது. முந்நூறு மீட்டரைக் கடந்ததும் தசைகள் இறுகிக் கால்கள் கல்லாகிவிடும். எஞ்சிய நூறு மீட்டரைப் பழக்கமும் பிடிவாதமும் சேர்ந்தே கடத்தவேண்டும். செங்கல் சூளையில் உழைத்த ஒருவர் வளர்த்த பெண்ணுக்குப் பிடிவாதத்தைத் தனியே கற்பிக்கவேண்டியிருந்திராது.

டோக்கியோவுக்குப் பெண்களைத் தேர்ந்தெடுக்க 2021 ஜூலையில் பட்டியாலாவில் ஓட்டம் நடந்தது. ரேவதி 53.55 விநாடியில் முதலாவதாக வந்தார். ஜூலை 30ஆம் நாள் ஆடவரும் மகளிரும் சேர்ந்தோடும் 4×400 மீட்டர் தொடரோட்டத்தில் முகமது அனஸ், ரேவதி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ் ஆகிய நால்வர் ஓடினர். நால்வரில் மூவர் தமிழ்நாட்டினர். நேரம் 3 நிமிடம் 19.93 விநாடி. தம் பிரிவில் எட்டாமிடம். இறுதிச் சுற்றுக்குச் செல்லவில்லை. மறுநாளே பலரும் அதை மறந்தனர். 1984இல் லாஸ் ஏஞ்சலஸில் பி. டி. உஷா விநாடியின் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்ததை மட்டும் நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்!

ஓட்டம் சோறு போடுமா என்று நம் வேளச்சேரிப் பெற்றோர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். பரிசுப் பணத்தை மட்டும் நம்பி வாழக்கூடிய ஓட்ட வீராங்கனையர் நம் நாட்டில் மிகச் சிலரே. பெரும்பாலோரைத் தாங்கி நிற்பது வேலைதான். ரயில்வேயும் காவல் துறையும் இராணுவமும் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கின்றன; மாதச் சம்பளம் தருகின்றன; பயிற்சி முகாமுக்கு விடுப்பும் தருகின்றன. உஷாவைத் தாங்கியதும் தெற்கு ரயில்வேதான். ரேவதிக்கும் அதன் மதுரைக் கோட்டத்தில் பயணச்சீட்டுப் பரிசோதகராக வேலை கிடைத்தது. ஓடும் வயது முப்பதையொட்டி முடிந்துவிடலாம். உத்தியோகம் அதன் பின்னும் நிற்கும். ஆகவே இதை வெறும் விளையாட்டு என்று தள்ளுவது கணக்குத் தெரியாதவர் பேச்சு.

இடர்களும் இல்லாமல் இல்லை. புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன் 2006இல் தோகா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வென்ற வெள்ளிப் பதக்கம், பாலினச் சோதனையின் பெயரால் பறிக்கப்பட்டது. அந்த ஏழைப் பெண்ணை உலகின் முன் நிறுத்தி அவமதித்த முறையை எந்த விதியைக் காட்டியும் நியாயப்படுத்த இயலாது. அவருக்கு நிலையான பயிற்சியாளர் பணி கிடைக்கப் பத்தாண்டு பிடித்தது. மகளை ஓட்டத்துக்கு அனுப்புபவர் இதையும் அறிந்தே அனுப்பவேண்டும்.

எனினும் நம் பகுதியில் பெண்கள் ஓட்டத்தை விடுவது இத்தகைய பெரிய காரணங்களால் அன்று. ஒன்பதாம் வகுப்பு வந்தால் தனிவகுப்பு. வெயிலில் ஓடினால் கறுத்துவிடுவாளாம். வயது வந்த பெண் அரைக்காற்சட்டை அணிந்தால் பக்கத்து வீட்டார் என்ன சொல்வார்கள் என்ற அச்சம் வேறு. பள்ளி விளையாட்டு விழாவில் கோப்பை வாங்கிய பெண்ணின் காலணி அடுத்த ஆண்டு பரணில் ஏறிவிடுகிறது. ஓடுவதற்கு இடமில்லை என்பது மட்டும் மெய்யான குறை. 1995ஆம் ஆண்டுத் தெற்காசியப் போட்டிகளுக்காக நீச்சல் வளாகம் அமைந்த ஊர் இது. ஆனால் ஓடும் பெண்ணுக்கு நம் தெருக்களில் இடமேது? மழைக்காலமாயின் கேட்கவே வேண்டாம்.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாணவியருக்கு விளையாட்டு விடுதிகள் நடத்துகிறது. சேர்க்கை தேர்வுப் போட்டிகளின் வழியே நடைபெறும். ஓடும் மகளுடைய பெற்றோர், பரணில் ஏறிய காலணியை இறக்கித் துடைத்துவிட்டு, பெரியமேடு நேரு விளையாட்டரங்கில் உள்ள ஆணைய அலுவலகத்தில் ஒரு நாள் விசாரித்து வரலாம். பெண்ணையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.